கார் பார்க்கப் போகும்போது அளவுநாடாவும் கொண்டுபோங்கள்

லண்டனுக்கு வந்த சில மாதங்களில் நம்மவர்களில் பலர் ஒரு பழைய சிறிய காரை வாங்கிவிடுகிறார்கள். வேலைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அது போதும் என்பதுதான் அப்போதைய கணக்கு. அதே மாதங்களில்தான் கட்டில், மெத்தை, அலுமாரி, சாப்பாட்டு மேசை என்று ஒவ்வொன்றாக வீடு வந்து சேர வேண்டியிருக்கிறது. பழைய மேசை ஒன்றுக்கு வேன் பிடித்தால், மேசையின் விலையை வாடகை தாண்டிவிடும். எனவே டிக்கி தனியாக இருக்கும் செடானை விட்டுவிட்டு, பின்கதவு கண்ணாடியோடு மேலே திறக்கும் ஹேட்ச்பேக்கைத் தேடுங்கள்.

விளம்பரத்தில் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; பெரிய பொருள் உள்ளே போகுமா என்பதைத் தீர்மானிப்பது கதவின் வாய். என் முதல் அலுமாரியை வாங்கப் போனபோது டிக்கியின் தரையை மட்டும் அளந்திருந்தேன். வாய் மேலே போகப் போகக் குறுகுவதைக் கவனிக்கவில்லை. இரண்டு விரல் அகலம் இடித்தது. விற்றவரின் வாசலில், தூறலில் நின்று, திருகாணிகளைக் கழற்றிப் பலகை பலகையாக ஏற்றினேன். அன்றிலிருந்து அளவுநாடாவும் திருப்புளியும் என் காரிலேயே இருக்கின்றன.

பின் இருக்கைகளை மடித்துவிட்டு அளவெடுங்கள்: வாயின் அகலம் கீழேயும் மேலேயும், அதன் உயரம், முன் இருக்கையை முன்னே தள்ளினால் கிடைக்கும் நீளம். இந்த நாட்டின் ஒற்றை மெத்தை 90க்கு 190 சென்டிமீட்டர். சற்று வளைத்தால் பல ஹேட்ச்பேக்குகளில் போய்விடும். இரட்டை மெத்தை 135க்கு 190. அதோடு போராட வேண்டாம், சுருட்டிய பொதியாக விற்பதை வாங்குங்கள். ஐகியா கடையின் ‘பாக்ஸ்’ (PAX) என்ற வகை அலுமாரிச் சட்டகம் 201, 236 சென்டிமீட்டர் உயரங்களில் வருகிறது. வீட்டுக் கூரையோடு உங்கள் காரின் நீளத்தையும் நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹோண்டா ஜாஸ். அதில் எரிபொருள் தாங்கியை முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதனால் பின் இருக்கையை மடித்தால் தரை தாழ்வாகவும் சமமாகவும் கிடைக்கிறது. உட்காரும் பகுதியைத் திரையரங்கு நாற்காலிபோல மேலே தூக்கி நிறுத்தவும் முடியும். அப்போது காரின் நடுவில் தரையிலிருந்து கூரைவரை வெற்றிடம். மாவரைக்கும் கிரைண்டரை நிமிர்த்தி வைத்தே கொண்டுவந்திருக்கிறேன். 2015 முதல் 2020 வரை இங்கு விற்ற ஜாஸின் டிக்கி, இருக்கைகளை மடிக்காமலே 354 லிட்டர்.

குழந்தை இருக்கை பொருத்துபவர்கள் பின் இருக்கை எப்படிப் பிரிந்து மடிகிறது என்று பாருங்கள். சிறிய பகுதியில் அதைப் பொருத்தினால் பெரிய பகுதி சாமானுக்குக் கிடைக்கும்.

ஏற்றும்போது பாரமானவை கீழே, இருக்கையின் முதுகோடு ஒட்டியபடி இருக்கட்டும். டிக்கியில் கொளுக்கிகள் இருந்தால் அவற்றில் பட்டியை மாட்டி இறுக்குங்கள். திடீரென பிரேக் போட்டால் கட்டாத பலகை உங்கள் கழுத்துக்கே வரும். பின்கதவை மூடாமல் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். இலக்கத்தகடோ விளக்கோ மறைந்தால் அது சட்டப்படியும் குற்றம். முழுப் பாரத்துக்கான டயர் காற்றழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்தும் சிறு சக்கரம் பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு அருகே இருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டபிறகே மின்சாரம் கொடுங்கள். அமுக்கியின் (கம்ப்ரசரின்) எண்ணெய் திரும்பி இறங்க வேண்டும்.

பழைய மெத்தையைத் தெருவோரம் போடுவது இங்கு குற்றம், அபராதம் வரும். கவுன்சில் எனும் உள்ளூராட்சி மன்றத்தின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பல இடங்களில் வேனுக்கு அனுமதிச்சீட்டு கேட்பார்கள், சாதாரணக் காருக்குக் கேட்பதில்லை. சில கவுன்சில்களில் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். முகவரிச் சான்றும் கேட்கக்கூடும். கவுன்சில் வரிக் கடிதத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.