சொந்தப் படக் கம்பெனி தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரோஜர் கார்மன் வாழ்க்கையிலிருந்து

முதல் படத்தை எடுத்து வெளியிட்ட தயாரிப்பாளர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது படம் எடுத்தவர்களை எண்ணினால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். படம் ஓடவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓரளவு ஓடிய படத்தின் தயாரிப்பாளரும்தான் காணாமல் போகிறார். தவறு பெரும்பாலும் படப்பிடிப்பில் நடப்பதில்லை. பணம் எப்போது கைக்குத் திரும்பும், உரிமை யாரிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளில்தான் நடக்கிறது.

இதைப் படிப்பதற்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1926இல் டெட்ராய்டில் பிறந்தவர், 2024இல் 98 வயதில் மறைந்தார். பெரிய ஸ்டுடியோக்களை நம்பாமல் சின்னச் சின்ன பட்ஜெட்டில் நூற்றுக்கணக்கான படங்களைத் தயாரித்தவர். சரியாகச் செய்தவையும் உண்டு, கோட்டை விட்டவையும் உண்டு.

முதல் தவறு, இருக்கும் பணம் முழுவதையும் ஒரே படத்தில் மாட்டிவிடுவது. 1954இல் வந்த கார்மனின் முதல் தயாரிப்புக்கு அவர் ரொக்கமாகப் போட்டது சுமார் 12,000 டாலர்தான். அதை வெளியிட்டது ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனம். (சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் ஒரு காட்டுப் படத்தைக் கூட்டாகத் தயாரித்ததும் இதே லிப்பர்ட்டோடுதான்.) அடுத்து கார் பந்தயக் கதை ஒன்றை எடுத்தார். அதை வாங்கப் பெரிய கம்பெனிகளே தயாராக இருந்தன. ஆனால் வசூல் பிரிந்து தன் பங்கு வந்து சேரும் வரை அடுத்த படம் தொடங்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன விநியோக நிறுவனத்திடம் போனார். இந்தப் படத்துக்கு உடனே முன்பணம், அடுத்து எடுக்கும் படங்களுக்கும் முன்பணம் என்று பேசி முடித்தார். அந்த நிறுவனம்தான் பிற்பாடு அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று பெயர் பெற்றது.

நம் ஊரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. ஃபைனான்சியரிடம் மாத வட்டிக்கு வாங்கிப் படத்தைத் தொடங்குகிறோம். எடிட்டிங், டப்பிங், ரீ-ரெக்கார்டிங் என்று ஒவ்வொன்றும் தள்ளிப்போக, வட்டி மட்டும் தள்ளிப்போவதில்லை. கடைசியில் ரிலீசுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்து, காலைக் காட்சி ரத்து. பட்ஜெட் போடும்போதே எந்த மாதம் எவ்வளவு போகும், எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தனியாக ஒரு தாள் போடாத தயாரிப்பாளர் படப்பிடிப்புக்குப் போகவே கூடாது என்பேன்.

இரண்டாவது, உரிமையைச் சில்லறை விஷயமாக நினைப்பது. இதில் கார்மனே சறுக்கியவர். ஏற்கனவே போட்டிருந்த செட்டில், முக்கியக் காட்சிகளை இரண்டே நாளில் எடுத்து 1960இல் அவர் வெளியிட்ட படம் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்'. முதல் ரவுண்டு ஓடினால் போதும், அதற்குமேல் அதில் என்ன கிடைக்கப்போகிறது என்று காப்புரிமையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார். படம் பொதுவுடைமை ஆனது, அதாவது யாருடைய அனுமதியும் இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. 1982இல் அந்தக் கதை மேடை இசை நாடகமாகி வெற்றி பெற்றது, 1986இல் பெரிய பட்ஜெட்டில் மறுபடியும் சினிமா ஆனது. பழைய படத்தையோ யார் வேண்டுமானாலும் வீடியோ போட்டு விற்க முடிந்தது.

நம் சட்டத்தில் தயாரிப்பாளருக்குச் சாதகமான சில வரிகள் இருக்கின்றன, பலர் படிப்பதே இல்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஒரு புதிய ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பாக எழுதியிருந்தால் தவிர. அதனால்தான் வாங்குகிறவர்கள் பக்கம் பக்கமாகப் பட்டியல் எழுதி வருகிறார்கள். 'எல்லாம் ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான் சார்' என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு உரிமையையும் தனித்தனியாக, இத்தனை வருடம் என்று எழுதி விற்கலாம். ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ், ஒரு பாட்டுக்குப் போடும் செட்டின் செலவில் சின்னத் துளி.

அப்புறம், பெரும் ஆபத்து: ஸ்டுடியோ கட்டும் ஆசை. கார்மன் 1970இல் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் தொடங்கினார். அதுவரை தன் படங்களை வெளியிட்டுவந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் தன்னைக் கேட்காமல் தன் படத்தில் காட்சிகளை வெட்டியதில் அவருக்குக் கசப்பு. ஆகவே முதலில் கையில் எடுத்தது விநியோகத்தை. படப்பிடிப்பு நடந்தது அவ்வப்போது கிடைத்த இடத்தில். சொந்த ஸ்டுடியோ என்று ஒன்று வந்தது பத்து வருடம் கழித்து, ஒரு விண்வெளிப் படத்துக்காக. அதுவும் லாஸ் ஏஞ்சலஸ் வெனிஸ் பகுதியில் இருந்த பழைய மரவாடி. அங்கே விண்கலங்களின் சிறிய மாதிரிகளைச் செய்துகொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், பிற்பாடு 'டைட்டானிக்' எடுத்த ஜேம்ஸ் கேமரூன். அந்தப் படத்துக்கு எடுத்த விண்கலக் காட்சிகளையும் இசையையும் அடுத்தடுத்த படங்களிலும் கார்மன் பயன்படுத்தினார்.

அதே 1980இல் அவருடைய பழைய சீடரும் 'தி காட்ஃபாதர்' இயக்குநருமான ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா ஹாலிவுட்டில் ஒரு முழு ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கினார். வெளியே போகாமல் லாஸ் வேகாஸ் நகரத்தையே உள்ளே செட் போட்டு ஒரு காதல் படம் எடுத்தார். செலவு சுமார் 26 மில்லியன் டாலர். 1982இல் வெளியாகி, வசூல் ஒரு மில்லியனைக்கூடத் தொடவில்லை. ஸ்டுடியோ கைவிட்டுப் போனது, கடனை அடைக்க அவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. கொப்போலா கார்மனை விடப் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு படம் தோற்றால் கட்டடமும் சேர்ந்து போகும்படி இரண்டையும் முடிச்சுப் போட்டது பெரும் பிழை. தளம் சும்மா கிடந்தாலும் சம்பளமும் கரண்ட் பில்லும் வரிகளும் நிற்காது. கோடம்பாக்கத்துத் தளங்கள் பல இன்று இல்லாமல் போனதற்கு வெளிப்புறப் படப்பிடிப்பு ஒரு காரணம் என்றால், இந்த நிரந்தரச் செலவு இன்னொன்று. ஆபீஸ் வாடகை, கேமரா வாடகை, தளம் வாடகை என்று இருப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சிக்கனம் என்ற பெயரில் தொழிலாளர்களின் தினப்படியான பேட்டாவை இழுத்தடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். கார்மன் குறைந்த சம்பளம்தான் கொடுத்தார். பதிலுக்குப் புதியவர்களுக்கு இயக்கும் வாய்ப்பையே கொடுத்தார், பிற்பாடு ஹாலிவுட்டில் பெயர் பெற்ற இயக்குநர்கள் ரான் ஹோவர்டும் ஜோ டான்டேயும் அப்படி வந்தவர்கள். பேசிய கூலியைக் குறைப்பது வேறு விஷயம். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க முடியாது.

கம்பெனியை விற்கும்போதும் தவறு நடக்கும். 1983இல் கார்மன் நியூ வேர்ல்டை ஒரு வழக்கறிஞர் குழுவுக்கு 16.5 மில்லியன் டாலருக்கு விற்றார். பழைய படங்களின் தொகுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டது அருமையான முடிவு. ஆனால் இனி தான் எடுக்கும் படங்களையும் வாங்கியவர்களே வெளியிடுவார்கள் என்று ஒப்புக்கொண்டிருந்தார். கொஞ்ச காலத்திலேயே தகராறு வந்து இரு தரப்பும் நீதிமன்றம் போயின. சமரசம் ஆன பிறகு, கிட்டத்தட்ட அறுபது வயதில், அவர் மறுபடியும் முதலிலிருந்து ஒரு விநியோகக் கம்பெனியைத் தொடங்க வேண்டியிருந்தது.