சின்னக் கடை முதலாளிகளுக்கு: ஊழியரை அரசு மானியத்தில் பயிற்சிக்கு அனுப்புவது எப்படி (சிங்கப்பூர்)

தேக்கா பக்கம் சில சின்னக் கடைகளுக்கு நான் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் மசேநி (மத்திய சேம நிதி) கட்டும்போது கூடவே எஸ்டிஎல் என்று ஒரு சின்னத் தொகையும் போகும். "இது எதுக்குத் தம்பி பிடிக்கிறாங்க?" என்று கேட்காத முதலாளி குறைவு. அதுதான் திறன் மேம்பாட்டுத் தீர்வை. 1979லிருந்து இருக்கிறது. ஒவ்வோர் ஊழியருக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 11.25 வெள்ளி. 2,400 வெள்ளி வாங்குபவருக்கு மாதம் 6 வெள்ளி. அந்தப் பணம் ஊழியர்களின் பயிற்சிக்கு உதவத்தான் போகிறது. அதாவது நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், திரும்ப எடுக்கத்தான் பலர் போவதில்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை.

இதுவரை ஒருமுறைகூட ஆளை அனுப்பாதவர்களுக்காக, முதலிலிருந்தே சொல்கிறேன்.

1. உங்கள் கடை தகுதி பெறுகிறதா?

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குக் கூடுதல் மானியம் உண்டு. நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகியிருக்க வேண்டும், உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும், அப்புறம் ஊழியர் எண்ணிக்கை 200க்கு மேல் போகாமலோ ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டாமலோ இருக்க வேண்டும். மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

2. யாரை அனுப்பலாம்?

சிங்கப்பூரர், நிரந்தரவாசி. வொர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இந்த மானியம் கிடையாது. தீர்வையை மட்டும் அவர்களுக்கும் சேர்த்தே கட்டுகிறோம். இதை எழுதும்போதே மனசு ஒப்பவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. அவர்களையும் அனுப்ப வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அனுப்புகிற முதலாளிகளும் இருக்கிறார்கள்.

3. பயிற்சியைத் தேடுங்கள்

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு இணையத்தளத்தில் தேடலாம். எல்லாப் பயிற்சிக்கும் மானியம் இருக்காது, மானியம் தரும் அரசு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரின் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூஎஸ்கியூ (வேலைத் திறனுக்கான தேசியச் சான்றிதழ் முறை) என்று போட்டிருக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் சின்னக் கடைகளுக்குப் பொருந்தும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் உணவுப் பாதுகாப்பு முதல் நிலையிலிருந்து தொடங்கலாம், உணவைக் கையாளுபவர் எப்படியும் அதை முடித்தே ஆகவேண்டும். தமிழில் நடத்தும் மையங்களும் உண்டு, போன் போட்டு "தமிழ் வகுப்பு எந்தத் தேதி?" என்று நேராகக் கேளுங்கள். ஆங்கில வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அந்த ஆள் ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தால், அடுத்த முறை "பயிற்சியா, வேண்டாங்க" என்பார்.

4. பதிவு செய்யும்போது ஒரு கட்டம் மிக முக்கியம்

இங்கேதான் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். ஒரு கடையின் சமையல்காரர், நிரந்தரவாசி, முப்பதுகளில் இருப்பவர். படிவத்தை அவரே கைப்பேசியில் நிரப்பட்டும் என்று விட்டுவிட்டேன். 'சொந்தச் செலவில்', 'நிறுவனச் செலவில்' என்று இரண்டு கட்டம் இருந்தன. அவர் முதலாவதை அழுத்தியிருக்கிறார். பணம் கட்டியது கடை, ரசீது வந்தது அவர் பெயரில். கூடுதல் மானியமும் போச்சு, சம்பள ஈட்டுத்தொகையும் (ஆள் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு அரசு கடைக்குத் தருவது) போச்சு. வகுப்பு முடிந்த பிறகு மையத்துக்கு அலைந்தும் மாற்ற முடியவில்லை. அந்தக் கடைக்கார அக்கா ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் நிறுவனச் செலவில் என்பதைத் தேர்ந்தெடுத்து, கடையின் யூஇஎன் எண்ணை (அரசு தரும் நிறுவனப் பதிவெண்) கொடுத்து, நீங்களே பதிவு செய்யுங்கள். ரசீதில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். கட்டணத்தை முழுக்கக் கடைதான் ஏற்க வேண்டும், பாதியை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஊழியரின் சொந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையையும் தொடாதீர்கள். அது அவர் விருப்பப்பட்டதைப் படிக்க அரசு அவருக்குக் கொடுத்தது.

5. எவ்வளவு கட்ட வேண்டிவரும்?

தனியார் பயிற்சி மையம் என்றால் அடிப்படை மானியம் 50 விழுக்காடு வரை, சிறிய நிறுவனம் அனுப்பினால் 70 விழுக்காடு வரை. பலதுறைத் தொழிற்கல்லூரி போன்ற உயர்கல்வி நிலையங்களில் அது 90 விழுக்காடு வரைகூடப் போகும். (40 வயதைத் தொட்ட சிங்கப்பூரருக்குச் சொந்தமாகப் போனாலும் அதே உயர்ந்த விகிதம் கிடைக்கும், ஆனால் அப்போது கடைக்குச் சம்பள ஈடு வராது.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 600 வெள்ளி என்று வையுங்கள். அடிப்படை மானியம் போனால் 300. அந்த 300க்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி 27 வெள்ளி சேர்ந்து 327. கூடுதல் 20 விழுக்காடு, அதாவது முழுக் கட்டணத்தில் 120 வெள்ளி, கழிந்தால் நீங்கள் கட்டுவது 207. இந்த மானியத்துக்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், மையமே கழித்துக்கொண்டு மீதியைத்தான் வாங்கும். முழுப் பணத்தையும் முதலில் கேட்டால் காரணம் கேளுங்கள்.

6. வகுப்பு நாள்

வருகைப்பதிவு சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) செயலியில் கியூஆர் குறியீட்டை வருடித்தான். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை. பாத்திரம் கழுவும் ஓர் அக்கா, அறுபதை நெருங்குபவர், வருடக்கணக்காகச் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல், கைப்பேசி அந்த ரேகையை ஏற்கவே மாட்டேன் என்றது. முகத்தைக் காட்டச் சொன்னால் வெளிச்சம் போதவில்லை. வகுப்புக்கு முதல் நாள் இரவு கடையை மூடியபிறகு சமையலறை விளக்குக்குக் கீழே அவரை நிற்கவைத்து, ஆறு இலக்கக் கடவுச்சொல்லை மாற்றி, நாலு தடவை திறந்து மூடிப் பழக்கினோம். மறுநாள் காலையில் "போட்டுட்டேன் தம்பி!" என்று வகுப்பு வாசலிலிருந்தே போன் பண்ணினார். உங்கள் ஊழியருக்கும் இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும், தேர்வையும் எழுதித் தேறவேண்டும்.

அன்றைக்குக் கடையில் ஆள் குறையும், தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் இவற்றைத் தவிர்த்துத் தேதி பிடியுங்கள். வகுப்பில் இருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதை விடுப்பில் கழிக்காதீர்கள்.

7. சம்பள ஈட்டுத்தொகையை வாங்குங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதைத்தான். ஆள் வேலைக்கு வராத நேரத்துக்கு, மணிக்கு 4.50 வெள்ளி வரை நிறுவனத்துக்குக் கிடைக்கும். 16 மணி நேரப் பயிற்சி என்றால் 72 வெள்ளி. ஓர் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்கு 100,000 வெள்ளி வரை உச்சவரம்பு, நம் கடைகள் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

நிறுவனங்களுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையவாசலுக்குள் கார்ப்பாஸ் (கடையின் சார்பில் அரசு இணையச் சேவைகளைப் பயன்படுத்த யாருக்கு அனுமதி என்று வைக்கும் முறை) வழியாகத்தான் நுழைய முடியும். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம், கடையின் கார்ப்பாஸ் நிர்வாகியாகப் பதிவானவர் (பல கடைகளில் முதலாளியின் மகனோ மகளோ) உள்ளே போய் அந்தச் சேவையை உங்கள் பெயருக்கு ஒதுக்கித் தரவேண்டும், அவ்வளவுதான். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். உள்ளே ஊழியரின் பெயரும் பயிற்சியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, கேட்கும் சம்பள விவரத்தை உறுதிப்படுத்துங்கள். சம்பளச் சீட்டையும் ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், பின்னால் தணிக்கைக்குக் கேட்டால் தேட வேண்டியிருக்காது. வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ்வில் கடையின் யூஇஎன்னை இணைத்து வைத்திருந்தால் பணம் வருவதும் எளிது.

விகிதங்களை அரசாங்கம் அவ்வப்போது மாற்றும், ஆகவே ஒவ்வொரு முறை பதிவு செய்யும் முன்பும் அந்தப் பயிற்சியின் பக்கத்தில் உள்ள கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். முதல் தடவைக்கு ஒரே ஓர் ஆளை, ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள். கார்ப்பாஸ் வேலையெல்லாம் அதில் ஒருமுறை முடிந்துவிட்டால், இரண்டாவது ஆளைப் பதிவு செய்வது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.