ஹோம் தியேட்டரில் பேச்சொலி தெளிவாகக் கேட்க நான் செய்த திருத்தம்
கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் இசை சுவரை அதிரவைக்க, பேச்சு மட்டும் முணுமுணுப்பாகவே கேட்டது. இத்தகைய ஒலி அமைப்புகளைக் குறிக்கும் 5.1 என்பதிலுள்ள 5, முன்பக்கத்தின் இடம், நடு, வலம், பக்கவாட்டின் இரண்டு ஆகிய ஒலித்தடங்களையும், 1 தாழ்வொலிக்கென ஒதுக்கப்பட்ட தடத்தையும் குறிக்கின்றன. திரைப்படத்தில் பேச்சின் பெரும்பகுதி நடுத்தடத்தில்தான் பதியப்படுகிறது. எங்கள் தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்றிருந்தது. தொலைக்காட்சியின் ஒலியை ஒளிவழியே கடத்தும் ஆப்டிக்கல் கேபிளில் பிசிஎம் ஒலி இரண்டு தடங்களாக மட்டுமே செல்லும் என்பதால், ஸ்டீரியோ நிலையிலிருந்த ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்தனுப்பும் கருவி) நடு ஒலிபெருக்கிக்கு எதையும் அனுப்பவில்லை. அமைப்பை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றியதும், 5.1 தடங்களையும் சுருக்கித் தரும் டொல்பி டிஜிட்டல் வடிவ ஒலி அதே கேபிளில் முழுமையாகச் சென்று, அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கத் தொடங்கியது.

பின்னர் நடுத்தடத்தின் அளவை 3 டெசிபெல் உயர்த்தி, கிராஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் வைத்தேன். அதாவது, அதற்குக் கீழான அதிர்வெண்ணுள்ள ஒலியைச் சிறிய ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக, தாழ்வொலிக்கான பெரிய ஒலிபெருக்கியான சப்வூஃபர் ஏற்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண்ணைவிட இந்த அமைப்புகளே முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் எதிரொலியைக் கூட்டுவதால், தடித்த திரைச்சீலையும் விரிப்பும் இட்டோம். இரவில், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலான வீச்சைச் சுருக்கும் ‘நைட் மோட்’ அமைப்பைப் பயன்படுத்துகிறோம்.