ஊசி போடும் வாரத்தில் ஞாபகம் வரும் வைட்டமின்

தாய்மீன்களை முட்டையிடவைக்கும் ஹார்மோன் ஊசிக்கு இன்னும் ஒரு வாரம். அப்போதுதான் அவற்றின் நினைப்பே வருகிறது. வைட்டமின், மீன் எண்ணெய், புரோபயாட்டிக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தீவனத்தில் கொட்டிக் கலக்கிறோம். பொரிப்பகங்களில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

முட்டை ஒரு வாரத்தில் உருவாவதில்லை. ஈஸ்ட்ரோஜன் தூண்டும்போது மீனின் கல்லீரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. சினைப்பையில் வளரும் முட்டைகள் அதை இழுத்து மஞ்சள் கருவாகச் சேர்த்துக்கொள்கின்றன. டிரவுட் மீனில் இந்த வேலை மாதக்கணக்கில் நடக்கும். ஏற்கெனவே நிரம்பிய முட்டையை முதிரவைத்து வெளியே கொண்டுவருவது மட்டும்தான் ஊசியின் வேலை. குஞ்சு வாய் திறந்து இரை தேடும்வரை அந்த மஞ்சள் கருதான் அதன் கட்டுச்சோறு. ஆகவே சத்தான தீவனம் சினை பிடிக்கத் தொடங்கும் முன்பே போக வேண்டும். பல வாரங்களுக்குத் தொடர்ந்து முட்டையிடும் கடல் பிரீம் போன்றவை விதிவிலக்கு. அவற்றில் தீவன மாற்றம் சீக்கிரமே முட்டையில் தெரியும்.

சரி, நேரத்தோடு கலந்தாயிற்று. மீனின் வயிற்றுக்குப் போனதா? வைட்டமின் சி-யை மீன்களில் பெரும்பாலானவை தாமே செய்துகொள்ள முடியாது. சாதாரண அஸ்கார்பிக் அமிலமோ தீவனம் தயாரிக்கும் சூட்டிலும் கிடங்கிலும் சிதைந்துவிடும். பாஸ்பேட் சேர்ந்த வடிவம்தான் தாக்குப்பிடிக்கும். பொடியை வெறுமனே மேலே தூவினால் குளத்துக்குத்தான் வைட்டமின். ஒரு கைப்பிடி தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். தண்ணீர் உடனே கலங்கினால், பொடியை எண்ணெயிலோ ஜெலட்டின் கரைசலிலோ பிசிறி, உலர்த்திப் போடுங்கள்.

எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். சிக்கு வாடை வந்தால் அதில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு எவ்வளவு இருந்தது என்பது பழைய கதை. கெட்டுப்போன கொழுப்பு தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யையும் தின்றுவிடும். நல்ல எண்ணெயும் அளவு மீறினால் வம்புதான். ஒமேகா-3 மிகுந்த தீவனம் தின்ற கடல் பிரீம்களில் முட்டை குறைந்ததும், குஞ்சுகளின் மஞ்சள் கருப் பை வீங்கியதும் ஆய்வில் பதிவானவை.

ஆண் மீன்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. வைட்டமின் சி குறைந்தால் விந்தணுவின் தரமும் இறங்கும். சரியாகப் பதப்படுத்தாத பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிபால் என்ற நச்சு வேறு இனப்பெருக்கத்தைக் கெடுக்கும்.

அப்புறம், மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அது பாலினம் முடிவாகாத திலேப்பியா குஞ்சுகளை ஆணாக்க மூன்று, நான்கு வாரம் கொடுப்பது. தாய்மீன் தீவனத்தில் அதற்கு இடமே இல்லை.

பலன் பார்க்கும்போது முட்டையின் எடையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய தீவனத்தையே தின்னும் சில மீன்களைத் தனியே வைத்து, இரண்டு பக்கமும் நூறு நூறு முட்டையைத் தட்டில் எடுத்து, மறுநாள் வெள்ளையாகிச் செத்தவற்றை எண்ணுங்கள்.