போர்டிகோ டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவே விரிசலா?

சுவர் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. டைல்ஸ் நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கிறது. மண் அமுங்கும்போது டைல்ஸும் இறங்கும், சுவர் இறங்காது. அதனால்தான் அந்த இடுக்கில் ஒயிட் சிமெண்ட் பூசினால் அடுத்த வெயிலுக்கே மறுபடி பிளந்துகொள்கிறது. அங்கே தேவை, இழுபடும் பொருள். ஹார்டுவேர் கடையில் 'பி.யூ. சீலன்ட்' (பாலியூரித்தேன், காய்ந்த பிறகும் ரப்பர்போல் இழுபடும் அடைப்புப் பசை) என்று கேளுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது.

முதலில் பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசியைப் பிரஷால் தட்டி எடுங்கள். உள்ளே துளி ஈரமும் இருக்கக் கூடாது. அவசரப்பட வேண்டாம், பாதி வேலை இதுதான். இடுக்கு ஆழமாக இருந்தால் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, 10 மி.மீ. அகல இடுக்குக்கு மேலே 5 மி.மீ. ஆழம் மட்டும் விடுங்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீலன்டை நிரப்பி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். நன்றாக இறுகும்வரை தண்ணீர் படக் கூடாது.

தட்டினால் டைல்ஸ் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் 'டொக் டொக்'கென்று ஒலித்தாலோ, தண்ணீர் சுவர்ப்பக்கம் ஓடினாலோ, சீலன்ட் மட்டும் போதாது. டைல்ஸை எடுத்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, வாட்டம் சரிசெய்துதான் ஆக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.