முதலில் முடி, பிறகு கண்: ஸ்ட்ரெயிட்னரில் சுருளும் ஆபிசுக்கான ஐ ஷேடோவும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். வீட்டில் சுருட்டிய முடி மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறுவதற்குள் தொங்கிப்போகிறது. இமையில் பூசிய நிறம் பகல் சாப்பாட்டுக்குள் மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது. கைப்பழக்கம் போதவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வரிசைதான் தப்பு. முகத்தை முடித்துவிட்டு ஸ்ட்ரெயிட்னரைக் கையில் எடுத்தால், 180 டிகிரி சூடு கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருபது நிமிடம் நிற்கும். வியர்க்காமல் என்ன செய்யும்? முடியை முதலில் சுருட்டி, கிளிப் போட்டு ஆறவிடுங்கள். அது ஆறுகிற நேரத்தில் கண்ணைப் பாருங்கள். சுருளை அவிழ்ப்பது கடைசி வேலை. மொத்தம் நாற்பது நிமிடம். கை பழகினால் முப்பது.

முந்தின இரவே தொடங்குகிறது

முடியின் புரதத்துக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் அவை விட்டுக்கொடுக்கும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். சூட்டில் முடி இளகுகிறது, அவ்வளவுதான். சுருள் நிலைப்பது ஆறும்போது. வெளிக்காற்றின் ஈரம் சுருளை அவிழ்ப்பதும் இதே பிணைப்புகளைத் தொட்டுத்தான்.

ஆகவே தலையை முந்தின இரவே அலசிவிடுங்கள். காலையில் அலசிய முடி வழுக்கும், சுருள் நிற்காது. பாதி காய்ந்த முடியில் ஸ்ட்ரெயிட்னர் வைத்தாலோ உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடியின் தண்டிலேயே குமிழ் கட்டும். அந்த இடத்தில் முடி பிறகு ஒடியும். தகடு பட்டதும் ‘சுர்ர்’ என்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு உலர்த்துங்கள். கண்டிஷனர் நுனிக்கு மட்டும் போதும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் இந்த வேலையே வேண்டாம். எண்ணெய் முடியைக் கற்றை கற்றையாக ஒட்டவைக்கும், தகட்டில் புகையும், சுருளும் கனத்தில் இறங்கிவிடும். எண்ணெய் வைக்கிற நாள் வேறு, சுருட்டுகிற நாள் வேறு.

மருந்து வைத்து முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்து உடைத்துச் சேர்ப்பது ஹைட்ரஜன் பிணைப்பைவிட உறுதியான கந்தகப் பிணைப்பை. நேராகவே நிற்கும்படி மாற்றிய முடியில் சுருள் சீக்கிரம் தளரும். சூட்டைக் கூட்டிப் பயனில்லை, முடிதான் கருகும். 150, 160 டிகிரிக்கு மேல் போகாமல் நுனியை மட்டும் வளைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்ட்ரெயிட்னர்

தகட்டின் அகலம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். அகலத் தகடு நீட்டுவதற்கு நல்லது, சுருட்டுவதற்கு ஆகாது. அதைவிட முக்கியம் வெளி ஓரம். மூடிப் பிடித்தால் குறுக்குவெட்டில் உருண்டையாகத் தெரிய வேண்டும். ஓரம் பெட்டிபோலக் கூராக இருந்தால், எவ்வளவு பதமாகச் சுற்றினாலும் முடியில் மடிப்புத் தழும்பு விழும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் வேண்டும். மெல்லிய முடிக்கு 150 முதல் 160, நடுத்தரத்துக்கு 170 முதல் 180, நம்மில் பலருக்கு இருக்கும் தடித்த முடிக்கு 185 முதல் 195. இருநூறைத் தாண்டித்தான் சுருளும் என்றால் கோளாறு சூட்டில் இல்லை, கற்றை பெரிதாக இருக்கிறது.

மின்சாரத்தையும் பாருங்கள். இங்கே மலேசியாவில் 230, 240 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த 110 வோல்ட் மட்டும் ஏற்கும் கருவியைச் செருகினால் ஒரே நாளில் கதை முடிந்தது. இந்தியாவில் வாங்கியது வோல்ட்டேஜில் ஒத்துப்போகும். ஆனால் உருண்டை முள் ப்ளக்கைத் தளதளக்கிற அடாப்டரில் மாட்டினால் அடாப்டர் சூடாகும். இங்கேயே வாங்கும்போது, தரச் சோதனை நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

சுருட்டும் கை

வெப்பத் தடுப்பு ஸ்பிரேயை ஒரு கை தூரத்திலிருந்து லேசாக அடித்து, சீப்பால் வாரி, முழுக்கக் காயவிடுங்கள். காதுக்கு மேலுள்ள முடியை உச்சியில் கிளிப் போட்டுத் தூக்கிவிட்டு, பிடரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கற்றை, தகட்டின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தோளுக்குக் கீழே வரும் நடுத்தர அடர்த்திக்கு, பக்கத்துக்கு எட்டு முதல் பத்துக் கற்றைகள் வரும்.

இனித்தான் முக்கியமான இடம். வேரிலிருந்து நான்கு விரல் விட்டு, கற்றையைத் தகடுகளுக்கு நடுவே பிடியுங்கள். பிடித்துவிட்டுத் திருப்பாதீர்கள், பிடிக்கும்போதே திருப்புங்கள். கெட்டியாகக் கவ்விய பிறகு திருப்பினால் அந்த இடத்தில் ஒரு கோணல் விழும், அதைத் தண்ணீர் தொட்டுத்தான் போக்க முடியும். முகத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைச் சுற்று. இப்போது முடி தகட்டுக்குள் போய், கருவியின் வெளி உடம்பைத் தழுவிக் கீழே தொங்கும். தொங்கும் வாலை மற்றக் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, திருப்பிய கோணம் மாறாமல் கருவியைக் கீழ்நோக்கி வழுக்கவிடுங்கள். முழங்கை நீளக் கற்றைக்கு ஏழெட்டு வினாடி. நடுவில் நின்றால் மடிப்பு, ஓடினால் சுருள் இல்லை.

அழுத்தம் எவ்வளவு என்பதைச் சூடில்லாத கருவியில் பழகிக்கொள்ளலாம். ஒரு சாட்டின் ரிப்பனைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். ரிப்பன் தடையில்லாமல் வர வேண்டும், ஆனால் கையை விட்டால் கீழே விழக் கூடாது. அந்தப் பிடிதான். கத்தரிக்கோலால் பரிசுப் பெட்டியின் ரிப்பனைச் சுருட்டுவோமே, அதே வித்தைதான் இதுவும்.

அரைச் சுற்று அலை தரும், முழுச் சுற்று சுருள் தரும். கருவியைச் செங்குத்தாகப் பிடித்தால் நீளச் சுருள், படுக்கையாகப் பிடித்தால் புசுபுசுவென்ற சுருள். ஆபிசுக்கு அரைச் சுற்றும் செங்குத்துப் பிடியுமே அழகு. நுனி இரண்டு சென்டிமீட்டரைச் சுற்றாமல் வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூண்டில் முள்போலத் திரும்பி நிற்கும். வகிட்டின் இரு பக்கமும் சுருள் முகத்திலிருந்து விலகிப் போக வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் குழப்பும். கண்ணாடியைப் பார்த்துக் குழம்புவதைவிட, ‘மூக்கிலிருந்து காதுக்கு’ என்று மனதில் சொல்லிக்கொண்டு திருப்புங்கள்.

கருவி வெளியே வந்ததும் சுருளைத் தொங்கவிடாதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி, அதன் போக்கிலேயே வட்டமாகச் சுருட்டி, தலையோடு ஒட்டிக் கிளிப் போடுங்கள். சூடாக இருக்கும்போது தொங்கினால் தன் கனத்திலேயே அது நீளும், நீண்ட வடிவத்திலேயே ஆறும். பத்து நிமிடம் தொடக் கூடாது. முடியைச் சுருட்டும்போது மேசை மின்விசிறியை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் தகட்டின் சூடு இறங்கும். ஆறவிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஆறுகிற நேரத்தில் கண்

நான்கு நிறம் போதும், நான்கும் கோப்பிக் கடையிலேயே இருக்கின்றன. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் ஒரு மேட், அதாவது மினுங்காத வகை, செங்கல் நிறத்தில் ஒரு மேட், கோப்பி ஓ (பாலில்லாக் கறுப்புக் காப்பி) நிறத்தில் ஒரு மேட், தாமிரச் சட்டி நிறத்தில் மினுங்கல் ஒன்று. சட்டியைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஒப்பனைக் கடையில் காட்டும் வெளிர் பழுப்பு, இமையில் சாம்பல் பூசியதுபோல் நிற்கும். மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதீர்கள், அங்கே தோல் வெளுப்பு. இமைக்கு நெருங்கிய நிறம் விரல் கணுவில் இருக்கும், அங்கே தேய்த்துப் பாருங்கள்.

நம் இமை முகத்தைவிடக் கறுத்திருப்பது இயல்பு. அதைக் கன்சீலரால் முழுக்க வெளுக்க வைத்துவிட்டு, மேலே பழுப்பு நிறம் பூசி மறுபடி கறுப்பாக்குவது வீண் உழைப்பு. இருக்கும் கருமை செலவில்லாத நிழல். திட்டுத்திட்டாக இருந்தால் மட்டும் பீச் நிறக் கரெக்டரை மெலிதாகத் தொட்டு ஒற்றுங்கள்.

முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் இமைக்கு ஏறியிருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். நிறம் பிடித்து நிற்க அடியில் பூசும் பிரைமர் ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு. மோதிர விரலால் தட்டிப் பரப்பி, ஒரு நிமிடம் விடுங்கள். கீழே பார்த்து, மடிப்பில் கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் விரலால் ஒற்றிவிட்டுத் தொடருங்கள். அந்தக் கோட்டின் மேல் பவுடர் விழுந்தால் பகலில் அது பிளவாகத்தான் தெரியும். பிரைமர் காயாமல் மேட் பூசினால் பட்ட இடத்திலேயே கறைபோல ஒட்டும், பரவாது.

தே தாரிக் நிறத்தைப் புசுபுசு பிரஷ்ஷில் தொட்டு, பிரஷ்ஷை இரண்டு தட்டு தட்டி உதறுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பூசுவதுதான் பலர் செய்யும் தவறு. திறந்தால் நிறம் மடிப்புக்குள் மறைந்துபோகும். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண் திறந்த நிலையில், மடிப்புக்கு ஒரு நூல் மேலே, கார் வைப்பர்போல இப்படியும் அப்படியும் தேயுங்கள். பிரஷ்ஷின் காம்பைக் கடைசியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். செங்கல் நிறம் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தை, புது நிறம் தொடாமல், அதே புசுபுசு பிரஷ்ஷால் நாலைந்து தடவை. அதற்கு மேல் தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும்.

தாமிரத்தைப் பிரஷ்ஷால் வைத்தால் பாதி கன்னத்தில் கொட்டும். விரலால் நடு இமையில் ஒற்றுங்கள். விரல் சூட்டில் அது ஒட்டி நிற்கும். ஐ லைனருக்குப் பதில் கோப்பி ஓ நிறத்தை ஒல்லி பிரஷ்ஷால் மேல் இமை முடியின் வேரில் அழுத்தி வையுங்கள். கீழே வெளி மூன்றில் ஒரு பங்குக்கு அதையே லேசாக இழுத்துவிடலாம். திரவ லைனர் கொஞ்சம் கரைந்தாலும் அசிங்கமாகத் தெரியும், பவுடர் கலைந்தால் நிழல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கண்மை இல்லாமல் முடியாது என்பவர்கள் உள் இமையில் தீட்டியபின் அதன்மேல் கோப்பி ஓ பவுடரைத் தொட்டு ஒற்றுங்கள், மூக்கோரத்து மூலையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள். வழிவது எப்போதும் அந்த மூலையிலிருந்துதான். மஸ்காராவில், இமை முடியைக் குழாய்போல மூடும் டியூபிங் வகை நம் ஊருக்கு ஏற்றது. தோலெண்ணெயில் கரையாது, வெந்நீர் பட்டால் உரிந்து வந்துவிடும்.

அவிழ்ப்பதும் வெளியே போவதும்

கிளிப்பை எடுக்கும் முன் ஒரு சுருளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். ஆறிய பிறகு கீழேயிருந்து அவிழ்த்து, விரல்களை மட்டும் நுழைத்துப் பிரியுங்கள், சீப்பு வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் தள்ளி ஹேர் ஸ்பிரே ஒரு சுற்று. ஸ்பிரேயை அடித்துவிட்டுச் சூடு வைப்பது முடியைப் பொரிக்கிற வேலை.

மோட்டாரில் போகிறவர்கள் சுருளை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். கிளிப்பை எடுத்துவிட்டு, பிடரியில் தளர்வான கொண்டையாகச் சுருட்டி, ஹெல்மெட்டுக்குக் கீழே வருமாறு வைத்து, ஆபிஸ் கழிவறையில் அவிழ்த்துக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலோ லெபு பாசாரிலோ மல்லிகைச் சரம் வாங்கி வைப்பவர்கள், பூக்காரர் தெளித்த தண்ணீரை நன்றாக உதறி டிஷ்யூவில் ஒற்றிவிட்டு வையுங்கள். சரம் தொட்ட இடத்தில் மட்டும் சுருள் நேராகி நிற்பது அந்த ஈரத்தால்தான்.

மதியம் இமை பளபளத்தால் உடனே பவுடர் போடாதீர்கள். டிஷ்யூவின் ஒற்றை அடுக்கை இமையில் அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டு, மடிப்புக் கோட்டை விரலால் ஒற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

விரலும் எண்ணெய்ப் பிரஷ்ஷும் பட்டுப் பட்டு ஐ ஷேடோவின் மேல் கண்ணாடிபோல ஒரு தோல் கட்டும், நிறமே வராது. தூக்கி எறிய வேண்டாம், செலோடேப்பை ஒட்டி உரித்தால் மேல்தோல் வந்துவிடும். பிரஷ்ஷை வாரம் ஒருமுறை பேபி ஷாம்புவில் அலசி, முடிப்பகுதி மேசை ஓரத்துக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து, மின்விசிறிக்கு எதிரே காயவையுங்கள். மஸ்காராவுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஐ ஷேடோவில் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். எண் இருந்தால் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. (NPRA) தளத்தில் தட்டிப் பார்க்கலாம், பெயர் ஒத்துப்போகிறதா என்று.

ஸ்ட்ரெயிட்னர் ஆறக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் வயரைத் தகட்டைச் சுற்றிக் கட்டினால் ரப்பர் உருகும். ஆறிய பிறகும் இறுக்கிச் சுற்றாதீர்கள், வயர் முதலில் அறுவது கைப்பிடியின் அடியில்தான்.