பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆட்டோமொபைல் பிரிவு: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்பிரிவில் உள்ள பாடங்களில் ஒன்று அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல். இதில் சேரும் மாணவர்களில் பலர் ஏற்கனவே லீவு நாட்களில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் நின்று பழகியவர்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பஞ்சர் ஒட்டத் தெரியும், சிலருக்கு கிளட்ச் பிளேட் மாற்றவும் தெரியும். அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்துதான். ஆனால் அதோடு கூடவே குத்துமதிப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல், அளக்க வேண்டிய இடத்தில் அளக்காமல் விடுவதால் வருபவை. வேலைக்குப் போய்விட்டால் வாசலில் வண்டிக்காரர் நின்றுகொண்டிருப்பார். ஆற அமர அளந்து பழக இந்த இரண்டு வருடம்தான் கிடைக்கும்.

பத்தாம் நம்பர் போல்ட்டும் மரை போன கேஸும்

கடைகளில் "பத்தாம் நம்பர் போல்ட்" என்றால் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும் போல்ட் என்று அர்த்தம். அந்த 10 என்பது தலையின் அளவு. மரையின் விட்டம் பெரும்பாலும் 6 மி.மீ., அதாவது எம்6. சர்வீஸ் மேனுவலில் முறுக்கு விசை அட்டவணை மரையின் அளவை வைத்துத்தான் இருக்கும். எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். எம்10 போல்ட்டுக்கு 35 அளவில் வரும். தலை அளவை மரை அளவு என்று நினைத்து எம்10 வரிசையைப் பார்த்து டார்க் ரென்ச்சை (குறித்த முறுக்கு விசை வந்ததும் 'கிளிக்' என்று காட்டும் ஸ்பேனர்) வைத்தால், கிளட்ச் கவர் போல்ட் அறுந்துபோகும், இல்லையென்றால் அலுமினியக் கேஸில் மரை உரிந்துபோகும். உடைந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்து, மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுத் தேற்ற அரை நாள் போய்விடும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய மேனுவல்களில் முறுக்கு விசை கிலோகிராம் மீட்டரில் இருக்கும், புதியவற்றில் நியூட்டன் மீட்டரில். 1 கிலோகிராம் மீட்டர் என்பது ஏறக்குறைய 9.8 நியூட்டன் மீட்டர். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் பத்து மடங்கு தவறு.

டார்க் ரென்ச்சை வைத்துக்கொண்டு இறுகிப்போன நட்டைக் கழற்றாதீர்கள். அதற்கு நீளமான கைப்பிடி தனியாக இருக்கிறது. 'கிளிக்' என்று ஒருமுறை கேட்டதும் நிறுத்துங்கள். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு கிளிக் என்று இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் விசை கூடிக்கொண்டேதான் போகும். மரையில் ஆயிலோ கிரீஸோ இருந்தால் அதே அளவு முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். ஆகவே மேனுவல் ஆயில் தடவச் சொல்லாத இடத்தில் மரையைத் துடைத்து உலர்வாகப் போடுங்கள். வேலை முடிந்ததும் ரென்ச்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து, ரென்ச்சே தவறான அளவைக் காட்டும். அடுத்த பேட்ச் மாணவர்களுக்கும் அதே கருவிதான்.

மைக்ரோமீட்டரில் தொலையும் அரை மில்லிமீட்டர்

மைக்ரோமீட்டரில் திம்பிள் (கையால் சுற்றும் உறை) ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் (அளக்கும் தண்டு) நகர்வது 0.5 மி.மீ. மட்டும். திம்பிளில் 50 கோடுகள். ஒரு கோடு 0.01 மி.மீ. ஸ்லீவில் (சுற்றாமல் நிற்கும் உறை) முழு மில்லிமீட்டர் கோடுகள் ஒரு பக்கமும் அரை மில்லிமீட்டர் கோடுகள் மறுபக்கமும் இருக்கும். திம்பிளின் ஓரத்தில் அந்த அரைக் கோடு தெரிந்தும் தெரியாமலும் நிற்கும்போதுதான் தவறு நடக்கிறது. 49.97 என்று வர வேண்டியது 49.47 ஆகிவிடும்.

100 சிசி பைக்கின் 50 மி.மீ. பிஸ்டனையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் 50.01, பிஸ்டன் 49.97 என்றால் இடைவெளி 0.04 மி.மீ.; நம்பக்கூடிய எண். பிஸ்டன் 49.47 என்று எழுதினால் இடைவெளி 0.54 மி.மீ. அந்த இடைவெளியோடு எந்த இன்ஜினும் ஒழுங்காக ஓடாது. ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் 0.54 என்று எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்துக்கு நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். விடை வந்ததும் "இது நடக்கக்கூடிய எண்ணா?" என்று ஒரு நொடி பார்த்தால் போதும், தவறு அங்கேயே பிடிபடும்.

பிஸ்டனை எந்த இடத்தில் அளப்பது என்பதும் முக்கியம். பிஸ்டன் முழு வட்டம் கிடையாது. கட்ஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின்) போகும் திசையில் விட்டம் சற்றுக் குறைவாக இருக்கும்படிதான் செய்கிறார்கள். பின்னுக்குச் செங்குத்தான திசையில், ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) அடியிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், ஆக ஆறு அளவு. ஓவல் தேய்மானமும் (வட்டம் நீள்வட்டமாவது) டேப்பர் தேய்மானமும் (மேலும் கீழும் விட்டம் மாறுவது) அப்போதுதான் தெரியும். ஒரே இடத்தில் ஒரே அளவு எடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் பக்கத்து நோட்டைப் பார்த்து நிரப்பினால், தேய்மானம் என்றால் என்னவென்றே தெரியாமல் அந்தப் பாடம் முடிந்துவிடும்.

அளக்கும் முன் முகங்கள் இரண்டையும் துடைத்து, ராட்செட்டால் (அளவான அழுத்தத்தில் நழுவும் முனைக் குமிழ்) மூடிப் பூஜ்யப் பிழை பாருங்கள். மூடிய நிலையில் 0.02 காட்டினால் ஒவ்வொரு அளவிலிருந்தும் 0.02 கழிக்க வேண்டும். 25-50 மைக்ரோமீட்டர் என்றால் கூடவே வரும் 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ராட்செட் இருக்கும்போது திம்பிளைப் பிடித்து இறுக்கக் கூடாது. சூடான பாகத்தையும் அளக்கக் கூடாது.

டேப்பெட் அட்ஜஸ்ட்மெண்ட்: இரண்டு முறை வரும் டி குறி

வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதுதான் டேப்பெட் அட்ஜஸ்ட்மெண்ட். செய்முறைத் தேர்வில் அதிகம் சொதப்பும் வேலை இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. தேர்வுத் தாளில் இதைத் தவறில்லாமல் எழுதும் மாணவர், பட்டறையில் ஃப்ளைவீலின் டி குறி கேஸின் குறிக்கு நேரே வந்ததும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்துவிடுவார். அந்த டி குறி ஒரு சுழற்சியில் இரண்டு முறை நேராக வரும்: கம்ப்ரஷன் முடிவில் ஒருமுறை, எக்ஸாஸ்ட் முடிவில் ஒருமுறை. இரண்டிலும் பிஸ்டன் உச்சியில்தான் இருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் முடிவில் இரண்டு வால்வுகளுமே லேசாகத் திறந்திருக்கும். ராக்கர் இறுகி நிற்கும். கேஜ் உள்ளே நுழையாது. உடனே ஸ்க்ரூவைத் தளர்த்தி, கேஜ் நுழையும்படி செய்து, லாக் நட்டை இறுக்கினால் வால்வு மூடிய நிலையில் இடைவெளி தேவைக்கு மேல் பல மடங்கு வந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் தட்டல் சத்தம் கேட்கும். வால்வு முழு உயரத்துக்குத் திறக்காததால் இழுவையும் குறையும்.

சரிபார்ப்பது சுலபம். டி குறியை நேராக வைத்துவிட்டு இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சற்றே லூசாக ஆடினால் அது கம்ப்ரஷன் உச்சி. ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். முன்பு யாரோ இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைத்த இன்ஜின் என்றால் சரியான உச்சியிலும் ராக்கர் ஆடாது. அப்போது கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறியைப் பார்ப்பதே நம்பகமான வழி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சைலன்சரைத் தொட முடிகிறது என்பது மட்டும் ஆறியதற்கு அடையாளம் ஆகாது.

லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜை விட்டுப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். கேஜ் லேசான உரசலோடு வர வேண்டும்.

சத்தம் வரக் கூடாது என்று இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்துவிடும் பழக்கம் இதைவிட மோசம். இடைவெளி அதிகமானால் இன்ஜின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் எந்தச் சத்தமும் வராது. ஆனால் சூடேறியதும் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். தவறு நடந்தது தெரியவரும்போது ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பிரிப்பதில் வேகம், மாட்டும்போது திண்டாட்டம்

இன்ஜினைப் பிரித்து எல்லா பாகங்களையும் ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் போட்டுவிடுவது இன்னொரு தவறு. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடியாக வைத்துத் துளை கடைந்தவை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கேப்களை மாற்றிப் போட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளும். வால்வுகள் அதனதன் சீட்டோடு பழகியவை. ஓர் அட்டையில் துளை போட்டு, 1 இன், 1 எக்ஸ் (முதல் சிலிண்டரின் இன்லெட், எக்ஸாஸ்ட்) என்று எழுதி, வால்வுகளை வரிசையாகக் குத்தி வையுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி அல்லது 'இன்' குறியைக் கழற்றும் முன்பே போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது.

சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைக் கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கும், இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கும், இரண்டு மூன்று தவணையாகப் போக வேண்டும். சூடாக இருக்கும்போதே கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

பிரேக், பேட்டரி, ஜாக்கி

இந்த மூன்றிலும் தவறினால் பாகம் வீணாவதோடு நிற்காது, ஆளுக்கும் ஆபத்து.

பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள். பிரேக் ரப்பர் சீல்கள் பெட்ரோலியப் பொருட்கள் பட்டால் ஊதி, மென்மையாகி, பிஸ்டனைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். புது பிரேக் ஆயிலாலோ பிரேக் கிளீனராலோ கழுவ வேண்டும். டாட் 3, டாட் 4 ரக பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஆகவே போன வருடம் திறந்து மூலையில் வைத்த டப்பாவை ஊற்றாதீர்கள். பேட் மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிரேக் டிரம்மில் படிந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

பேட்டரியில் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் தவறிப் பாடியில் படும்போது நேரடி ஷார்ட் ஆகும், ஸ்பேனர் பழுக்கும், பேட்டரி வெடிக்கவும் வாய்ப்புண்டு. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் வைத்தபடியே வோல்டேஜ் பார்ப்பதும் அதே ஷார்ட்தான். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். 12.0 காட்டினால் ஏறக்குறைய காலி. "12 இருக்கிறதே, சரிதான்" என்று விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். கார் அடியில் தலையைக் கொடுக்கும் முன் சமமான கான்கிரீட் தரையில் ஸ்டாண்டு வைத்து, எதிர்ப்பக்க டயர்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே ஒரு சீல் போனால் வண்டி மொத்தமாக இறங்கிவிடும்.

கையில் கட்டிய கயிறு, மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா எல்லாவற்றையும் பட்டறைக்கு வெளியே விடுங்கள். காரின் ரேடியேட்டர் ஃபேன் சாவியை அணைத்த பிறகும் தானாகச் சுற்றக்கூடும்.

கோட் வந்தால் சென்சாரா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 (புகை மாசு விதி) கட்டாயமானதால் புதிய பைக்குகளிலும் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பல பள்ளிப் பட்டறைகளில் கார்புரேட்டர் இன்ஜின்தான் இருக்கும். அடிப்படை கற்க அது போதும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட் என்று கோட் (கோளாறுக் குறியீடு) வந்தவுடன் சென்சாரை மாற்றச் சொல்வது தவறு. கோட் சொல்வது அந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே. ஃபியூஸ், கனெக்டர் பின், வயர், எர்த் இவற்றைப் பார்த்த பிறகே சென்சாரின் முறை. இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பைப்பில் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் சூடான இன்ஜின் மீது பெட்ரோல் பீய்ச்சும்.

வண்டி ஓட்டிப் பார்ப்பது, அதற்குப் பிறகு

பயிற்சிக்குப் போகும் இடத்தில் "ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வா தம்பி" என்று சாவியைக் கொடுப்பார்கள். 18 வயது ஆகாமல், லைசென்ஸ் இல்லாமல் கியர் பைக்கை ரோட்டில் எடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

தியரியும் கணக்கும் எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் அதன் விலையைப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் பார்க்கிறார்கள். தொழிற்பிரிவில் உரிய பாடங்களைப் படித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே முதல் வாரத்திலேயே கணக்கு வரும். படிப்பைத் தொடர வசதி இல்லாதவர்களுக்கு அப்ரண்டிஸ் வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1986-இல் செய்த திருத்தத்தால் பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களும் உதவித்தொகையோடு ஒரு வருடம் தொழிற்சாலையில் பயிற்சி பெறலாம். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். நேர்காணலுக்கு ரெக்கார்டு நோட்டையும் கொண்டுபோங்கள். அதில் எழுதிய ஆறு சிலிண்டர் அளவுகளையும் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால் மைக்ரோமீட்டரையும் போர் கேஜையும் கையில் எடுத்து அளந்து காட்ட முடிய வேண்டும்.